கடத்தாத இரண்டு சேர்ந்தால்

மின்சாரத்தைக் கடத்துபவை, கடத்தாதவை என்று கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து இரண்டு பட்டியல் எழுதுவார்கள். செம்பும் அலுமினியமும் இந்தப் பக்கம். பீங்கான், கண்ணாடி, மரம் அந்தப் பக்கம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என் கருத்து இது: அந்தப் பட்டியல் தொடங்குவதற்குப் போதும், அதோடு நிறுத்தினால் போதாது. அது பொருளின் உட்பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மேற்பரப்பிலும், இரண்டு பொருள்கள் ஒட்டும் இடத்திலும் கதை வேறு.

காரைக்காலில் இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். கடற்கரையோர மின்கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்களில் கடல்காற்று நாள்தோறும் உப்பைப் பூசுகிறது. காய்ந்த உப்பால் தொல்லை இல்லை. மார்கழிப் பனி இறங்கினால் உப்பு கரைந்து அயனிகளாகிறது. அந்த ஈரப் படலத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. படபடவென்று பொறி பறக்கும். கசிவு முற்றினால் லைனே விழும். பெருமழை உப்பைக் கழுவிவிடும். பனியும் தூறலும்தான் ஆபத்து. அப்போதும் பீங்கானின் உள்ளே எதுவும் மாறியிருக்காது. மின்சாரம் அதன் தோல் மேலேயே நடந்து போகிறது.

'அது உப்பின் வேலைதானே ஐயா' என்று நீங்கள் கேட்கலாம். சரி, உப்பும் ஈரமும் இல்லாத சுத்தமான இரண்டு ஆக்சைடுகளை ஒட்டவைத்தால்?

2004-இல் ஒட்டோமோ, ஹ்வாங் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் அதைத்தான் எழுதினார்கள். ஒன்று ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்; ஒரு காலத்தில் போலி வைரமாக விற்ற படிகம். மற்றது லாந்தனம் அலுமினேட். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. ஆனால் முதலாவதன் மேல் இரண்டாவதை அணு அடுக்காக வளர்த்தபோது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடின.

காரணமாகச் சொல்லப்படுவது எளிமையானது. லாந்தனம் அலுமினேட்டின் அடுக்குகள் நேர்மின், எதிர்மின் என்று மாறி மாறி வருபவை. கீழே உள்ள படிகத்தின் அடுக்குகளோ மின்னேற்றம் இல்லாதவை. மேலே அடுக்க அடுக்க மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் எலக்ட்ரான்கள் இடம் மாறி அந்தச் சந்திப்பில் வந்து சேர்கின்றன. 2006-இல் ஜெர்மானியக் குழு ஒன்று அளந்து காட்டியது: மூன்று அடுக்கு வரை கடத்தாது, நான்காவது வைத்ததும் கடத்தும். நான்கும் சேர்ந்தே சுமார் ஒன்றரை நானோமீட்டர்தான். மறு ஆண்டே, கடுங்குளிரில் அங்கே மின்தடை முற்றிலும் மறைவதையும் கண்டார்கள். ஆக்சிஜன் அணுக்கள் விடுபட்ட இடங்களிலிருந்தும் எலக்ட்ரான்கள் வரலாம் என்ற வாதமும் உண்டு.

இதில் நம்மவர் பங்கும் இருக்கிறது. அந்த இடைமுகத்தில் எலக்ட்ரான்கள் வெவ்வேறு குணமுள்ள பகுதிகளாகப் பிரிந்து நிற்பதைப் பற்றி 2011-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையில், வெங்கடேசனோடு சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன் பெயரும் உண்டு.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாரம் அதிகம், இதையும் ஏற்ற வேண்டுமா என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். நான் புதுப் பாடம் கேட்கவில்லை, ஒரு வாக்கியம் கேட்கிறேன்: 'கடத்தாப் பொருள் என்பது அது உலர்ந்து, சுத்தமாக, தனியாக இருக்கும்போது.' இது பரீட்சை மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் அல்ல. மரம் கடத்தாது என்று மனப்பாடம் செய்த பிள்ளை, மழையில் அறுந்து கிடக்கும் கம்பியை ஈரக் குச்சியால் தள்ளப் போனால் அந்தப் பட்டியல் அவனைக் காப்பாற்றாது.

நம் அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. டெல்லியில் எழுதும் புத்தகத்தில் காரைக்கால் உப்புக்காற்று இருக்காது. அதை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும். ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு பீங்கான் சாசர் போதும். சாசர் காய்ந்திருக்கும்போது விளக்கு எரியாது. உப்புத் தண்ணீர் தடவி, கம்பி முனைகள் இரண்டையும் நெருக்கமாக வைத்தால் எரியும். வீட்டு கரண்டில் மட்டும் இதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, அங்குள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளிக்கு வந்து மிச்சக் கதையைச் சொன்னால் இன்னும் நல்லது.