சுவரில் தொங்கும் மான்கொம்பு

சென்ற இதழில் இப்பகுதியில் பித்தளைப் பாத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், பாட்டனார் காலந்தொட்டுக் கூடத்தில் தொங்கும் மான்கொம்பை எவ்வாறு துலக்கிக் காப்பது என்று வினவியுள்ளனர். வினா பொருத்தமானதே. இரயில்வேயிலும் படையிலும் வனத்துறையிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பணிபுரிந்து ஊர்ஊராக மாறிய நம்மவர் குடும்பங்கள் பலவற்றில், பெட்டி படுக்கைகளோடு இக்கொம்பும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் துலக்குவதற்கு வேண்டிய உழைப்பு சிறிது. அதை வைத்துக்கொள்வதற்கு வேண்டிய தாள்களே பெரிது. இரண்டையும் கூறுவோம்.

முதலில் கையிலிருப்பது இன்னதென்று அறிதல் வேண்டும். நாம் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம். கடமான், புள்ளிமான் ஆகியவற்றின் கிளைத்த கொம்பு முழுவதும் எலும்பு. ஆண்மானின் தலையில் மெல்லிய தோல் போர்த்து வளர்ந்து, முற்றியபின் அத்தோல் உரிந்து, பின்னர் கொம்பே உதிர்ந்து, மீண்டும் முளைப்பது. கிளையின்றித் திருகி நிற்கும் வெளிமான் கொம்பு வேறு வகை. உள்ளே எலும்பு முளை. அதன்மேல் நம் நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளால் ஆன உறை. அஃது உதிர்வதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் காப்பு முறை கூறுதல் இயலாது. எலும்புக் கொம்பைப் பூச்சி நாடுவது அரிது. உறைக்கொம்பையோ அந்துப்புழு துளைத்துத் தூளாக்கிவிடும்.

கிளைக்கொம்பின் பழுப்பு நிறத்தை அழுக்கென்று கருதித் தேய்ப்போர் உளர். அது அழுக்கன்று. தோல் உரியும்போது கசிந்த குருதியும், மான் உரசிய மரப்பட்டையின் சாறும் ஊறிப் படிந்த நிறம் அது. மேற்பரப்பில் மட்டுமே உள்ளது, உள்ளே வெள்ளெலும்பு. ஒருமுறை தேய்த்துப் போக்கிவிட்டால் திரும்ப வாராது. ஆகவே வெந்நீர், சோடா உப்பு, சலவைத்தூள் எதுவும் வேண்டா. பித்தளைக்கு நாம் பரிந்துரைத்த புளி இதற்குப் பகை. எலும்பின் சுண்ணச்சத்தைப் புளிப்பு கரைத்துவிடும். எலுமிச்சைக்கும் இஃதே பொருந்தும்.

செய்யத்தக்கது எளிது. கொம்பைச் சுவரினின்று இறக்கி, பழந்துணி விரித்த மேசைமேல் கிடத்துக. ஓவியர் கையாளும் மெல்லிய தூரிகையொன்றால் அடியிலிருந்து நுனிநோக்கித் தூசியைத் தள்ளுக. அடிவளையத்தின் முண்டுகளிடையே பலவாண்டுத் தூசி இறுகியிருக்கும். அங்கே பொறுமை வேண்டும். அதன்பின்னும் எண்ணெய்ப்பிசுக்கு இருப்பின், சிறிதளவு சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்கு பிழிந்து, ஒற்றியெடுத்து, உடனே உலர்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. நீரில் ஊறவைத்தல் கூடாது. கொம்பின் உட்புறம் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. உட்புகுந்த நீர் எளிதில் வெளிவாராது.

நல்லெண்ணெய் பூசினால் பளபளக்கும் என்பர் நம் வீட்டுப் பெரியோர். பளபளக்கும்; சில நாளில் சிக்குப்பிடித்து, தூசியை ஈர்த்து, நாறவும் செய்யும். வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளித்து உரியும். நம் கருத்தில் ஒன்றும் பூசாதிருத்தலே நன்று. மருந்துக்கென ஒரு துண்டு அறுத்தெடுத்து உரைத்துக் கொடுக்கும் வழக்கமும் சில இல்லங்களில் இருந்தது. அதனையும் விட்டுவிடுக.

இனிக் கூறுவது சற்று அஞ்சத்தக்கது. கொம்பு மட்டுமின்றித் தோலும் முகமும் சேர்த்துப் பாடம் செய்த தலை உங்கள் வீட்டிலிருப்பின், மேற்கூறிய எதையும் செய்யற்க. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும், பூச்சி அணுகாதிருக்கத் தோலின் உட்புறத்தில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த சோப்பைப் பூசுவது பாடம் செய்வோரிடையே பெருவழக்கு. ஆண்டுகள் சென்றாலும் அந்நஞ்சு அழிவதில்லை. தூளாக உதிர்ந்து தூசியோடு கலந்திருக்கும். அதைத் துடைப்பத்தால் தட்டுவதும், குழந்தைகள் தொட்டு விளையாட விடுவதும் தீங்கு. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பாலிதீன் உறையில் மூடி, தனியே வைத்து, அருங்காட்சியகத்தில் பொருட்காப்புப் பணி அறிந்தோரைக் கலந்து செயற்படுக. பலகையின் பின்புறம் பாடம் செய்த நிலையத்தின் சீட்டு ஒட்டியிருந்தால் அதனைக் கிழித்தல் கூடாது. மைசூரில் பெயர்பெற்ற வான் இஞ்சன் நிலையம் 1999-இல் மூடப்பட்டது. அத்தகைய இடத்துச் சீட்டொன்று பொருளின் காலத்துக்குச் சான்று பகரும்.

மாட்டுமிடத்தைப் பற்றியும் ஒரு சொல். கடமான் கொம்பு ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வது, எடையும் அதற்கேற்ப. சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஓர் ஆணியை நம்பித் தொங்கவிடலாகாது. கட்டிலின் தலைமாட்டிலும் குழந்தை ஓடியாடும் வழியிலும் வேண்டா. மும்பை, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இரும்பு திருகாணி விரைவில் துருவேறும். பித்தளைத் திருகாணி நன்று. கல்கத்தாவின் மழைக்காலத்தில் கொம்புக்கும் சுவருக்குமிடையே காற்று உலாவ இடைவெளி இல்லையேல் பூசணம் பிடிக்கும். தில்லியின் வறண்ட வெயில் நேரே பட்டால் வெளிமான் கொம்பின் உறை வெடிக்கும். உறையில் சிறு துளையும் கீழே மென்தூளும் தென்பட்டால் புழு புகுந்துவிட்டதென்று கொள்க. உடனே பாலிதீன் பையிலிட்டு இறுகக் கட்டிப் பிறபொருள்களினின்று விலக்கி வைக்கவேண்டும்.

இனித் தாள்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கொம்பையும் வேட்டைச் சின்னமாகவே கொள்கிறது. அதனை வைத்திருப்போருக்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் உடைமைச் சான்றிதழ் வழங்குவார். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சான்றிதழ் உள்ள பொருளையும் விற்கவோ விலைபேசவோ கூடாது. தந்தைக்குப் பின் மகனுக்கோ மகளுக்கோ அது வழியுரிமையாக வருமாயின், பெற்றவர் 90 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். பாட்டனார் பெயரிலிருக்கும் சான்றிதழே போதுமென்று வாளாவிருத்தல் தகாது.

நம்மனோர்க்கு முதன்மையானது பின்வரும் விதி. பணிமாற்றம் பெற்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொம்பை எடுத்துச் சென்றால், 30 நாட்களுக்குள் உரிய வனவுயிர்க் காப்பாளருக்கு அதைத் தெரிவிக்கவேண்டும். சரக்கேற்றுவோரும் அனுமதியை உறுதிசெய்யாமல் ஏற்றிச் செல்லக்கூடாது. தட்டுமுட்டுச் சாமான்களோடு சாக்கில் சுற்றி அனுப்புவது வழியில் பெருந்தொல்லையாக முடியலாம். பொதுவாக இச்சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. வெளிமான்போல் முதல் அட்டவணையிலுள்ள விலங்காயின் சிறை 3 ஆண்டுக்குக் குறையாது. 7 ஆண்டு வரை நீளும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காக மாற்றியமைக்கப்பட்டன. ஆதலின் உங்கள் மான் எந்த அட்டவணையில் உள்ளதென்பதை வனத்துறை அலுவலகத்திலேயே கேட்டறிவது நலம்.

சரணாலயத்துக்குச் சுற்றுலா செல்லும் இளைஞர், உதிர்ந்து கிடக்கும் கொம்புதானே, மானுக்குத் தீங்கில்லையே என்று எண்ணி எடுத்து வருதல் கூடாது. அனுமதியின்றி அங்கிருந்து எதை எடுப்பதும் குற்றம். அஃது அங்கே வீணாகக் கிடப்பதுமன்று. முள்ளம்பன்றி அதைக் கொறித்துச் சுண்ணச்சத்தைப் பெறுகிறது, மான்களும் கடிப்பதுண்டு.

சான்றிதழே இல்லாத பழங்கொம்பு உடையோர் அதனை இரவோடிரவாக ஆற்றிலோ குப்பையிலோ எறிய முற்படவேண்டா. 2003-இல் அறிவிப்புக்கென ஒருமுறை தரப்பட்ட 180 நாள் தவணை எப்போதோ கடந்துவிட்டது. எனவே சட்டமறிந்த ஒருவரைக் கலந்து, எழுத்துமூலம் வனத்துறையை அணுகுவதே வழி. சான்றிதழ் உண்டு, ஆனால் வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்போருக்கு வழி எளிது: 7 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கு ஈட்டுத்தொகை ஏதும் கிடையாது.