கடல்கடந்த மாணாக்கனும் காண வரும் நண்பரும்

கல்வியின்பொருட்டுக் கடல் கடந்து செல்லும் நம் மாணாக்கர் தொகை இக்காலத்து மிகப் பெரிது. அவர் எக்கலை பயில்கின்றனர், எத்துணைப் பொருள் செலவிடுகின்றனர், மீண்டபின் எத்தொழிலில் அமர்கின்றனர் என்பன பற்றிப் பேசுவார் பலர். வகுப்பறைக்கு வெளியே அவர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பது பற்றிப் பேசுவார் சிலரே. அவ்வாழ்வின் ஒரு சிறு கூற்றை, அஃதாவது அவரைக் காண நண்பர் வருங்கால் நிகழ்வதனை, ஈண்டு ஆராயப் புகுகின்றேன். பொருள் சிறிதெனத் தோன்றினும், அயல்நாட்டுக் கல்வியின் பயன் இதனுள் பெரிதும் அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

இது பற்றி இருவேறு கருத்துகள் உள. பெற்றோருட் பலர், கடன்பட்டு அனுப்பிய பிள்ளை நண்பரோடு குன்றின்மீது நின்று எடுத்த படத்தைக் கண்டதும், ‘படிக்கச் சென்றானா, ஊர் சுற்றச் சென்றானா?’ என்று வருந்துகின்றனர். மாணாக்கருட் சிலரோ, ‘ஊர் காண்பதே கல்வி, நூல் எங்கும் கிடைக்கும்’ என்று எளிதில் விடை கூறிவிடுகின்றனர். முன்னவர் கூற்றில் அன்பு உண்டு. பின்னவர் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் இரண்டும் பொருளின் நடுவைத் தொடவில்லை. எத்தனை இடம் பார்த்தோம் என்பதில் ஒன்றுமில்லை. நண்பர் வருகையால் மாணாக்கன் தான் வாழும் ஊரையும் தன் வாழ்வையும் உள்ளவாறு காணத் தொடங்கினானா என்பதே கேள்வி.

பொதுவாகப் பேசுவதினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுதல் நன்று. யான் பயின்ற எடின்பரோ, ஸ்காட்லாந்தின் தலைநகர். அங்கே முதுகலை வகுப்புப் பெரும்பாலும் ஓராண்டே. டிசம்பர்த் திங்களில் பகற்பொழுது ஏழு மணி நேரமே. மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். வகுப்பு நடைபெறுங் காலத்தில் அயல்நாட்டு மாணாக்கர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூலிக்கு உழைத்தல் கூடாது என்பது அந்நாட்டு விதி. அவ்வளவும் உழைப்பவர் பலர். விடுதி, நூலகம், வேலை பார்க்கும் கடை ஆகிய இம்மூன்றிற்கும் இடையே அவர் நாட்கள் ஓடிவிடுகின்றன. உலகத்தார் பொருள் செலவிட்டுக் காண வரும் நகரில், அந்நகரைக் காணாமலே ஓராண்டு வாழ்ந்து மீள்வது அரிய செய்தியன்று.

இந்நிலையில், லண்டனில் பயிலும் நண்பர் இருவர் நாலரை மணி நேரம் புகைவண்டியில் அமர்ந்து வந்து, வேவர்லி நிலையத்தில் இறங்குகின்றனர் என்று கொள்வோம். பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்குகின்றது. வந்தவர் திடுக்கிட்டு, ‘இஃது என்ன?’ என்று வினவுகின்றனர். மாதக்கணக்காக அவ்வொலியைக் கேட்டுவந்த மாணாக்கன் அன்றுதான் அதன் காரணத்தை நாடுகின்றான். 1861-இல் தொடங்கிய வழக்கம் அது. துறைமுகத்துக் கப்பலோர் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ள அது பயன்பட்டது. சரியான நேரம் தெரிந்தாலன்றி நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை அவர் கணித்தல் இயலாது. ஞாயிறு முதலிய சில நாட்கள் நீங்கலாக இன்றும் அது முழங்குகின்றது. ஒலியைக் கேட்டோர் பலர். காரணத்தைக் கேட்டோர் சிலர். அக்கேள்வியைக் கொண்டுவந்தவன் விருந்தினன் அல்லனோ?

மாலையில் அவர்கள் கால்ட்டன் குன்றின்மேல் ஏறுகின்றனர். அங்கே பன்னிரண்டு பெருந்தூண்கள் கூரையின்றி நிற்கின்றன. நெப்போலியப் போர்களில் உயிர்நீத்த வீரர்க்கு நினைவாக, கிரேக்கரது பார்த்தினன் கோயிலை ஒத்த மண்டபம் ஒன்றை 1826-இல் எழுப்பத் தொடங்கினர். பொருள் போதாமையால் 1829-இல் பணி நின்றுவிட்டது. அந்நகரத்தார் அதனை இடித்து மறைக்கவில்லை. முடியாத அம்மண்டபமே இன்று நகரின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. ‘எடுத்த காரியம் முடியுமோ, பட்ட கடன் தீருமோ?’ என்று இரவில் உறக்கமின்றித் தவிக்கும் மாணாக்கன், அத்தூண்களின் அருகே அமர்ந்து மனம்விட்டுப் பேசும் ஒரு மாலை வீண்பொழுது ஆகாது.

மறுநாள் ஆர்தர் ஸீட் என்னும் மலை. உயரம் 251 மீட்டரே. ஆயினும் அஃது ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகட்கு முன் கனன்ற எரிமலையின் எச்சம். அதனை அடுத்த ஸாலிஸ்பரிப் பாறைச் சரிவில், உருகிய பாறைக்குழம்பு பழைய படிவுப் பாறையினுள் புகுந்து உறைந்திருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹட்டன் என்னும் அறிஞர் கண்டார். நிலம் ஓயாது மாறிவருகின்றது, அதன் வயதோ மக்கள் எண்ணியதினும் மிகப் பெரிது என்னும் தம் கொள்கைக்கு அதனை ஒரு சான்றாகக் கொண்டார். அப்பாறையை நாளும் கடந்து செல்வோர் பலர். கடப்பது வேறு, காண்பது வேறு. பிறர்க்கு எடுத்துரைக்க வேண்டிய கடமை நேரும்போதே நாம் கடப்பதை விட்டுக் காண்கின்றோம்.

ஆயின், எல்லா வருகையும் இத்தகைய பயன் தருவதில்லை. இரண்டு நாளில் பதினைந்து இடம் என்று பட்டியல் எழுதி வருவோர் உளர். அவர் ஓரிடத்தில் நிற்பது படம் எடுக்கும் அளவே. கோட்டையின் முன் சிரிப்பு, குன்றின்மேல் சிரிப்பு, பாலத்தின்மேல் சிரிப்பு. ஊர் பின்னணித் திரையாகிவிடுகின்றது. இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. அப்படங்கள் ஊருக்குச் செல்கின்றன. அவற்றைக் காணும் தாய் தந்தையர் மகன் நாள்தோறும் அங்ஙனமே வாழ்கின்றான் என்று எண்ணுகின்றனர். காணும் இளையோர் தாமும் அவ்வாறு செல்ல விழைகின்றனர். தனிமையும், குளிரும், கணக்கிட்டு உண்ணும் உணவும் எப்படத்திலும் இல்லை. பிரபுல்ல சந்திர ராய் எடின்பரோவில் பயின்று 1887-இல் டாக்டர் பட்டம் பெற்ற காலத்தில், வீட்டுக் கடிதம் கப்பலில் வாரக்கணக்காகச் செல்லும். இன்று நொடிப்பொழுதில் முகம் காணலாம். முகத்தைக் காட்டி மனத்தை மறைக்கவும் செய்யலாம்.

இம்மறைப்பை நீக்க வல்லவன் நேரில் வரும் நண்பனே. அவன் மாணாக்கனது சிற்றறையில் தரையில் படுக்கின்றான். விடுதியின் பொதுச் சமையலறையில் இருவரும் அரிசி களைந்து ரசம் வைக்கின்றனர். கடுகு தாளித்த புகைக்குத் தீ அறிவிப்பு மணி அலறுகின்றது. இருவரும் துணியை வீசிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு படத்துக்காகச் சிரித்ததன்று. அதன்பின் வரும் பேச்சில்தான் மாதங்களாக எவரிடமும் சொல்லாத செய்தி வெளிப்படும். ‘இத்தேர்வில் தேறுவேன் என்னும் நம்பிக்கை இல்லை’ என்று ஒரு மாணாக்கன் தாயிடம் சொல்லமாட்டான்; பாத்திரம் துலக்கும் நண்பனிடம் சொல்லுவான். சொன்ன துயர் பாதியாகக் குறையும். காட்சிகள் அனைத்தினும் மேலான பயன் இது என்பேன்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். நம்மவர் நால்வர் கூடியவுடன் தமிழ் பெருக்கெடுக்கின்றது; அது இயல்பே, இனிதுமாம். ஆனால் அதே சமையலறையில் தேநீருடன் நிற்கும் ஸ்காட்லாந்து மாணவனோ சீன மாணவியோ சுவர்போல் ஆகிவிடலாமோ? அவரையும் உணவுக்கு அழையுங்கள். கெய்லி என்னும் அந்நாட்டுக் கூட்டு நடனத்தில், ஆட அறியாதாரையும் கைப்பற்றி வரிசையில் சேர்த்துக்கொள்வர். அடிவைக்கும் முறையை ஒருவர் உரக்க அறிவித்துக்கொண்டே இருப்பார். அயலாரை அங்ஙனம் சேர்த்துக்கொள்ளும் பண்பு நம் விருந்திலும் விளங்குதல் வேண்டும்.

வருவோர்க்கும் சில கடமைகள் உண்டு. எடின்பரோவின் பெருங் கலைவிழாக்கள் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுவதால் நண்பர் அப்போதே வர விரும்புவர். முதுகலை மாணாக்கர் பலர் தம் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்கவேண்டிய காலமும் அதுவே. கேட்டறிந்து வருதல் நட்புக்கு அழகு. கோட்டைக்குக் கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கும் குன்றுகளுக்கும் கட்டணம் இல்லை. விருந்தளிப்பவன் பையை அறிந்து இடத்தைத் தெரிந்துகொள்க. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்னும் பழமொழி, வீட்டினும் விடுதிக்கே மிகவும் பொருந்தும்.

ஆதலின், பெற்றோரே, பிள்ளை நண்பரோடு ஊர் கண்டான் என்று சினவாதீர், ‘என்ன கண்டாய்?’ என்று வினவுங்கள். கடல் கடக்க எண்ணும் மாணவ நண்பர்காள், நும்மை நாடி வருவோர்க்குக் காட்சிகளை மட்டுமன்று, நும் வாழ்வையும் உள்ளவாறு காட்டுங்கள். நும் ஊரை ஒருவர்க்கு உண்மையோடு எடுத்துக்காட்ட வல்லீராயின், ஆங்கு நீவிர் வெறும் வழிப்போக்கராக வாழவில்லை என்பது உறுதி.