யந்திரம் வாங்கினால் போதுமா?

பம்பு செட்டை ஓட்டத் தெரிந்தவனுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். மில்லுக்குப் புதிதாய் வந்த பையனை எந்த மேஸ்திரியும் முதல் நாளே யந்திரத்தில் தனியாக நிற்க விடமாட்டார். ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் தெரிந்த இந்த நியாயம், ஆஸ்பத்திரிக்கு யந்திரம் வாங்கித் தரும் பெரிய மனிதர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறோம்.

வென்டிலேட்டரைப் பற்றித்தான் சொல்கிறோம். மூச்சு விட முடியாத நோயாளியின் தொண்டையில் குழாய் செருகி, நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளும் யந்திரம் அது. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க ரூ.2,000 கோடி ஒதுக்கியதாகத் தம்பட்டம் அடித்தார்கள். 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது நடந்தது என்ன? இயக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் பல ஊர்களில் யந்திரங்கள் சும்மா கிடந்த சேதி பத்திரிகைகளில் வந்தது. ஆளைப் பழக்காமல் யந்திரம் வாங்கும் கொள்கையின் லட்சணம் இதுதான்!

இயக்குவதும் பாதி வேலைதான். மீதிப் பாதி, நோயாளியை யந்திரத்திலிருந்து விடுவிப்பது. கட்டுப் போட்ட கை சில வாரங்களில் சூம்பிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். மூச்சு விடும் தசைக்கும் அதே கதிதான். எல்லா மூச்சையும் யந்திரமே விட்டால், சில நாட்களிலேயே அது மெலியத் தொடங்குகிறது. குழாய் இருக்கும் வரை நிமோனியா பயமும் இருக்கிறது. அவசரப்பட்டுக் குழாயை உருவினாலோ, திணறிப்போய் மறுபடி செருக வேண்டிய ஆபத்து. எப்போது விடுவிப்பது என்று அறிவதே வித்தை.

அந்த வித்தையில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. நாள்தோறும் தூக்க மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்க்க வேண்டும். நோய் தணிந்ததா, ரத்த அழுத்தம் நிலையாக உள்ளதா, குறைந்த ஆக்சிஜன் போதுமா, இருமத் தெம்பு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எல்லாம் சரியானால் யந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் நோயாளியைத் தானாக மூச்சு விட வைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 35-ஐத் தாண்டி, வியர்த்துக் கொட்டித் தவித்தால் மறுபடி யந்திரத்தில் ஓய்வு. காரணத்தைக் கண்டுபிடித்து மறுநாள் மீண்டும் சோதனை. தேறினால் குழாயை எடுக்கலாமா என்று முடிவு செய்யலாம்.

"இதையெல்லாம் பெரிய டாக்டர் பார்த்துக்கொள்வார், நர்சுக்கு எதற்கு?" என்கிறார்கள். இதற்கு 1996-லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவில், வட கரோலினாவில், 300 நோயாளிகளை இரு பகுதியாக்கிப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் நர்சுகளும் சுவாச சிகிச்சை ஊழியர்களும் டாக்டர்களோடு சேர்ந்து தினமும் கவனித்து, தகுந்தவர்களுக்கு இந்தச் சோதனையை நடத்தி, தேறியவர்களைப் பற்றி அவரவர் டாக்டருக்குச் சேதி சொன்னார்கள். மறு பகுதியில் பழைய வழக்கம். பழைய வழக்கத்தில் யந்திரத்தில் கிடந்த காலம், இடைநிலை அளவில், 6 நாள். புது முறையில் 4.5 நாள். மறுபடி குழாய் செருகுவது போன்ற சிக்கல்கள் 41 சதவிகிதத்துக்குப் பதில் 20 சதவிகிதம். இதற்காகப் புது யந்திரம் எதுவும் வாங்கவில்லை. முறை தெரிந்த கைகள் செய்த வேலை இது!

"கற்றுக்கொடுக்க நேரம் ஏது?" என்பது அடுத்த சாக்கு. 1952-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் ஆரம்பத்திலேயே மாண்டார்கள். போதிய யந்திரம் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் வழி காட்ட, சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. கொள்ளை நோயின் நடுவே அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நமது ஆட்சியாளர்களுக்கு மட்டும் கிடைக்காதா?

நம் தமிழ்நாட்டின் கதை என்ன? கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு, 2022 டிசம்பரோடு வேலை முடிந்தது என்றார்கள். அவர்கள் போராடிய பின் மாற்றுப் பணி தருவதாகச் சொன்னார்கள். ஆபத்தில் கைகொடுத்து, வேலை செய்தே தொழில் கற்றவர்களைக் கழித்துக் கட்டுவது எந்த ஊர் சிக்கனம்?

யந்திரத்தில் கூடுதலாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தனியார் ஆஸ்பத்திரியில் பில் ஏறுகிறது. கால் ஏக்கரும் காதுத் தோடும் அடகுக்குப் போவது நம் வீட்டில்தான். ஆகவே இது டாக்டர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயம் என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது.

நாம் கேட்பது மூன்று. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் டாக்டருக்கும் நர்சுக்கும் சம்பளத்தோடு இந்தப் பயிற்சி வேண்டும். பயின்ற நர்சுக்கு நிரந்தர வேலை வேண்டும். எத்தனை யந்திரம் வாங்கினோம் என்ற கணக்கோடு, எத்தனை பேர் அதிலிருந்து விடுபட்டு வீடு திரும்பினார்கள் என்ற கணக்கையும் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

அந்த இரண்டாவது கணக்கைக் கேட்போம். வரும் வரை விடாமல் கேட்போம்!