நகவுளி

செட்டிநாட்டுப் பழைய வீட்டுக் கதவில் வேலை செய்கிற தச்சனுக்கு மரம் தொல்லை கொடுப்பதில்லை. பர்மாத் தேக்கு, தலைமுறைகள் தாண்டியும் இழைத்தால் மணக்கும். தொல்லை வளைவில்தான். நிலையில் ஒரு தாமரை இதழ் பெயர்ந்து போயிருக்கிறது, புதிதாகச் செதுக்கிப் பொருத்த வேண்டும் என்று வையுங்கள். கடையில் நகவுளி, அதாவது குழிந்த வாயுள்ள உளி, சில அளவுகளில்தான் வரும். அந்தக் கதவைச் செய்த ஆசாரி, கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கிய உளியால் செதுக்கியிருக்கிறார். உளியின் குழிவுதான் இதழின் குழிவு. கடை உளியால் இரண்டு மூன்று வெட்டில் சமாளிக்கலாம். பக்கத்து இதழோடு சேர்த்துப் பார்த்தால் ஒட்டு வேலை என்று பல்லிளிக்கும்.

ஆகவே, சேதமில்லாத இதழில் களிமண்ணை அழுத்தி அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவேன். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அரிவாள் அடிக்கிற எல்லாரும் உளி அடிக்க மாட்டார்கள். கொட்டாப்புளியின் அடியை வாங்கிக்கொண்டே கூர் மழுங்காமல் நிற்க வேண்டிய சாமான் அது.

நான் போகிற பட்டறையில் லாரியின் பழைய வில்பட்டைதான் இரும்பு, சீமைக்கருவேலங்கரிதான் நெருப்பு. அடித்து, குழிவு வாங்கி, அரம் போட்டு முடிக்கும் வரை ஊர்க்கதை பேசலாம். தோய்ச்சலுக்கு வந்துவிட்டால் கொல்லர் அண்ணன் வாய் திறக்க மாட்டார். உலை மூலையில் வேண்டுமென்றே விளக்குப் போடவில்லை. வெளிச்சம் இருந்தால் பழுத்த இரும்பின் நிறம் ஏமாற்றும். செக்கச்சிவந்த உளியின் முனையை மட்டும் இரண்டு விரல் ஆழம் தண்ணீரில் விட்டு எடுப்பார். முனை கறுத்துவிடும், உடம்பில் சூடு மிச்சமிருக்கும். சட்டென்று வாசலுக்கு வந்து, சாணைக்கல் துண்டால் முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். மேலே நின்ற சூடு இறங்க இறங்க அந்தப் பளபளப்பில் நிறம் ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னாலேயே செம்பழுப்பு, ஊதா, நீலம். “மஞ்ச வாயைத் தொட்ருச்சு பாருங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உளி முழுசாகத் தண்ணீருக்குள் போயிருக்கும்.

அந்த மஞ்சளுக்கு ஏறக்குறைய 230 டிகிரி என்று கணக்குச் சொல்வார்கள். அதற்கு முன்பே அமிழ்த்தினால் வாய் பொரிந்து உதிரும். நீலம் வரை விட்டால் தேக்கின் கணுவில் மடங்கும்.

ஆலை உளியை நான் பழிக்கவில்லை. சட்டம், கழுந்து, துளை என்று நேர் வேலைக்கு என் பெட்டியில் இருப்பதும் அதுதான். (மின் ரம்பத்தையும் விட மாட்டேன், தோள்பட்டை என்னுடையது.) ஆனால் கைவேலையைப் பாராட்டுகிற நம் வழக்கம் செதுக்கியவனோடு நின்றுவிடுகிறது. அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சிக்கு 2021இல். சந்தோஷம். சிற்பிக்கு உளி அடித்துக் கொடுக்கிறவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் வந்த பிறகு கொழு, கதிரரிவாள் வேலை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. கொல்லருக்குக் கூலியாகக் களத்தில் நெல் அளந்த காலம் அதற்கும் முன்பே போயிற்று. மிஞ்சியது சாணை பிடிப்பதும் மண்வெட்டிக்கு வாய் தட்டுவதும். இந்த நிலையில் அரை நாள் உலையடியில் நின்று ஒற்றை உளி அடிக்கிறவரிடம் கடை உளியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுவது அநியாயம். தச்சர்களே அதைச் செய்கிறோம் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற உரிமையாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பீடு போடும்போது மரம், கூலி, வார்னிஷ் என்று எழுதுகிறீர்கள். அதன் கீழே உளி அடிக்கும் கொல்லருக்கான கூலியையும் தனி வரியாக எழுதுங்கள். மொத்தச் செலவில் அந்தத் தொகை கண்ணுக்கே தெரியாது.