வாசிப்பவருக்குத் தெரியாத படம்

மேரிலாண்டுக்கும் ஓர் உருண்டை வரப்போகிறது. லாஸ் வேகஸில் நிற்கும் ‘ஸ்பியர்’ அரங்கின் தம்பி. 6,000 இருக்கைகள். இடம், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் நேஷனல் ஹார்பர். 2026 ஜனவரியில் வந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது: மாநிலம், உள்ளாட்சி, தனியார் என்று பல கைகளிலிருந்து சுமார் 20 கோடி டாலர் ஊக்கச் சலுகை. அந்த வரியைப் படித்ததிலிருந்து தூக்கம் போயிற்று என்றால் மிகை. எரிச்சல் போகவில்லை என்பது உண்மை.

கேளிக்கைக் கூடத்துக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்பது பழைய கேள்வி. விளையாட்டரங்குகளுக்குக் கொட்டிய மானியம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்று பொருளியலாளர்களில் பெரும்பாலோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள், கேட்பார்தான் இல்லை. என் கேள்வி வேறு. இந்த உருண்டைக்குள் போகும் இசை என்ன ஆகிறது?

2024 ஜூலையில் ஓர் இரவு லாஸ் வேகஸில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் டெட் அண்ட் கம்பெனி. 1965-இல் தொடங்கி, ஜெர்ரி கார்சியா இறந்த 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த கிரேட்ஃபுல் டெட் குழுவின் வாரிசு. பழைய ஆட்களில் பாப் வேயரும் தாளக்காரர் மிக்கி ஹார்ட்டும் இருந்தார்கள். கார்சியாவின் இடத்தில் ஜான் மேயர். தலைக்கு மேலும் இரு பக்கமும் 1,60,000 சதுர அடித் திரை. மூன்றரை ஏக்கருக்கும் கூடுதல். நெல் போட்டால் ஒரு குடும்பம் சாப்பிடலாம். அறுபதுகளில் குழுவினர் குடியிருந்த சான்ஃபிரான்சிஸ்கோ ஆஷ்பரி தெரு வீட்டிலிருந்து படம் கிளம்பியது. வீடு சிறுத்தது, தெரு சிறுத்தது, ஊர் சிறுத்தது, பூமி பந்தானது, நாங்கள் விண்வெளியில் இருந்தோம். அடிவயிற்றில் ராட்டினம். பொய் சொல்ல மாட்டேன், வாய் பிளந்துதான் பார்த்தேன்.

நாலாவது பாட்டில்தான் உறைத்தது. அதுவரை வாசிப்பவர்களை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. சுற்றிலும் திரும்பினேன், எல்லார் மோவாயும் மேல்நோக்கி இருந்தது. கிட்டார் ஒரு சங்கதியைப் பிடித்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போனது. உச்சிக்கு வரும் நேரத்தில் கூட்டம் ஓவென்று இரைந்தது. எதற்கு? சங்கதிக்கா, அதே நொடியில் திரையில் மாறிய காட்சிக்கா? எனக்குத் தெரியவில்லை. வாசித்தவருக்கும் தெரிந்திருக்க முடியாது. திரை அவருடைய முதுகுக்குப் பின்னால்.

கிரேட்ஃபுல் டெட் ஒரு ஜாம் பேண்ட். அதற்கு விளக்கம் தேட வேண்டாம், மனோதர்மம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பாட்டு ஐந்து நிமிடம். அதிலிருந்து புறப்பட்டு எங்கே போவது, எப்போது வீடு திரும்புவது என்பது அன்றைய இரவின் கையில். சில இரவு வழி தவறும். தவறிய வழியில் ஏதாவது கிடைக்கும். அதனால்தான் ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 1984-இல் குழுவே அவர்களுக்கு அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததுதான் சிறந்ததா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பழைய சபா நாடாக்களை வைத்துக்கொண்டு சண்டை போடும் நமக்கு இது புரியும். இப்படிப்பட்ட இசைக்கு ஒரே மூலதனம், எதிரே இருப்பவர்களின் மூச்சு எங்கே நின்றது என்று வாசிப்பவருக்குத் தெரிவது. சிரக்கம்பம் பார்த்து அடுத்த பிடியைத் தீர்மானிக்கும் வித்துவானின் எதிரே தலைகள் எல்லாம் விட்டத்தைப் பார்த்தபடி இருந்தால் அவர் என்ன செய்வார்?

இங்கே 1974-ஐச் சொல்லாமல் நகர முடியாது. நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தக் கதையை நான் சொல்லாத கூட்டம் இல்லை. அந்த ஆண்டு கிரேட்ஃபுல் டெட் ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஒலிச்சுவரைக் கட்டியது. மூளை, ஆவ்ஸ்லி ஸ்டான்லி என்ற ஒலிப்பொறியாளருடையது (எல்.எஸ்.டி. காய்ச்சியதற்காகச் சிறைக்கும் போனவர்; அது வேறு கதை). சுமார் 600 ஒலிபெருக்கிகள், 26,400 வாட், 75 டன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு. ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரில் தந்திக்கு ஓர் அடுக்கு. முக்கியமான செய்தி எடையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அந்தச் சுவர் குழுவின் பின்னால் நின்றது. கடைசி வரிசைக்காரன் எதைக் கேட்டானோ அதையேதான் வாசித்தவரும் கேட்டார். பின்னாலிருந்து வரும் ஒலியை மைக் விழுங்கி ஊளையிடுமே என்று, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிர்க் கட்டத்தில் இணைத்தார்கள். ஒன்றில் பாடினார்கள், இரண்டுக்கும் பொதுவாக விழுந்த இரைச்சல் தானே கழிந்தது. இத்தனை பாடும் எதற்கு? மேடைக்கும் தரைக்கும் நடுவே ஒரே காது இருக்க வேண்டும் என்பதற்கு.

சுவர் ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஒரு மேடையில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடையை எழுப்ப வேண்டியிருந்தது. லாரி, ஆள், எரிபொருள் என்று செலவு குழுவைத் தின்றது. அக்டோபரில் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டு அவர்களே அதைக் கைவிட்டார்கள், ஊர் ஊராகப் போவதையும் நிறுத்தினார்கள். ஆள்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: கருவி இசையைவிடப் பெரிதானபோது கருவியை விட்டுவிடும் அறிவு அந்த நீளமுடிக்காரர்களுக்கு இருந்தது. அவர்களுக்கு எந்த மாநிலமும் சலுகை தரவும் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஸ்பியரில் அந்தச் சுவரை மறுபடி பார்த்தேன். படமாக. திரையில் அதை அச்சு அசலாக எழுப்பி, அதன் முன்னே டெட் அண்ட் கம்பெனியை நிறுத்தியிருந்தார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. 75 டன் இரும்பும் மரமும் சுவரொட்டி ஆகிவிட்டன. வாசித்தவர்களுக்கு அந்தச் சுவரோடு இருந்த ஒரே உறவு, அதற்கு முதுகு காட்டி நின்றதுதான்.

ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1,67,000 சிறு ஒலிப்பான்கள் இருக்கும் இடத்தில் ஒரு சிம்பலின் ஓரம்கூடத் துல்லியமாக விழுகிறது. நாற்காலியின் அதிர்வும் ஓரிடத்தில் பயன்பட்டது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகும் வழக்கம் டெட் ரசிகர்களுக்கும் உண்டு. ‘டிரம்ஸ்’ பகுதி வந்தால்தான் கழிப்பறை வரிசை நீளும். மிக்கி ஹார்ட் நாற்காலிகளையே அதிர வைத்து ஆட்களை உட்கார வைத்துவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் இதே ஹார்ட் 1991-இல் ஜாகிர் உசேன், நம் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் முதலானவர்களோடு ‘பிளானெட் டிரம்’ என்ற இசைத்தொகுப்பைச் செய்தார். உலக இசைத்தொகுப்புக்கென்று கிராமி விருது ஏற்படுத்தியபோது முதல் விருது அதற்குத்தான் போனது. அதில் ஒலித்த மண்பானைக்கு நாற்காலி அதிர வேண்டியிருக்கவில்லை.

இப்போது இன்னொரு ஜாம் பேண்டான ஃபிஷ் குழுவைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 2024 ஏப்ரலில் அவர்கள் ஸ்பியரில் நான்கு இரவுகள் வாசித்தார்கள்: திடம், திரவம், வாயு, பிளாஸ்மா என்று இரவுக்கொரு கரு. காட்சிகளை உடனுக்குடன் உருவாக்கி, பாட்டு நீண்டால் படமும் நீளும்படி செய்தார்கள். நான்கு இரவிலும் சேர்த்து 68 பாடல்கள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. திரை இசைக்கு அடங்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்பது வாதம்.

வேண்டும். 2017-இல் இதே ஃபிஷ், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது. 237 பாடல்கள், அங்கேயும் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. இரண்டு அரங்குகளும் ஜேம்ஸ் டோலன் என்ற ஒரே முதலாளியின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதால் ஒப்பீடு நியாயமானதுதான். வகுத்துப் பாருங்கள். மேடிசனில் இரவுக்கு 18-க்கு மேல், ஸ்பியரில் 17. இரவுக்கு ஒரு பாட்டைத் திரை விழுங்கியிருக்கிறது. ‘பாட்டு குறைந்தால் ஜாம் நீண்டது என்றுதானே பொருள்’ என்று ஒருவர் கேட்டார். இருக்கட்டும். மேடிசனில் இருந்தது கிறிஸ் குரோடா என்ற ஒளியமைப்பாளரின் விரல்கள். அவர் பல பத்தாண்டுகளாகக் குழுவோடு சேர்ந்து ஒளியையும் மனோதர்மமாக வாசிப்பவர். கிட்டார் திரும்பினால் அவரும் திரும்புவார். மூன்றரை ஏக்கர் திரையை அப்படித் திருப்ப முன்கூட்டியே பெரும் கூட்டம் உழைக்க வேண்டும். முன்கூட்டியே உழைத்தது எதுவோ அது அன்றைய இரவுக்குச் சொந்தமில்லை.

நான்கு இரவுகளை வைத்துக்கொண்டு உருண்டைக்கு நற்சான்று கொடுப்பவர்களுக்கு அதன் நாட்காட்டியைப் படிக்கப் பொறுமை இல்லை. 230 கோடி டாலர் செலவழித்துக் கட்டிய கூடம் எதை நம்பிப் பிழைக்கிறது? 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அங்கே ஓடுவது ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’, 1939-ஆம் ஆண்டுப் படம். செயற்கை நுண்ணறிவால் ஓரங்களை இழுத்து வளர்த்து, நீளத்தை வெட்டி, காற்றும் புகையும் சேர்த்து, ஒரே நாளில் பல காட்சிகள் ஓட்டுகிறார்கள். விற்ற நுழைவுச்சீட்டு சில மாதங்களிலேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. படத்துக்குத் தொண்டை கட்டாது, சம்பளம் கேட்காது, வழி தவறாது. வழி தவறுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அங்கே வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் மிஞ்சுகின்றன.

வேலைவாய்ப்பு என்று ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. சுங்கச்சாவடி கட்டினாலும் வேலை கிடைக்கும். புதுமைக்கு எதிரி என்பவர்கள் லண்டனைப் பார்க்கட்டும். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஸ்பியர் கட்ட 2023 நவம்பரில் மேயர் சாதிக் கான் அனுமதி மறுத்தார். அக்கம்பக்கத்துப் படுக்கையறைகளுக்குள் அந்த வெளிச்சம் விழும் என்பது காரணம். இரண்டு மாதத்தில் நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இசையைப் பற்றி லண்டன் ஒரு சொல் பேசவில்லை. வெளிச்சத்தைச் சொல்லி இசையைக் காப்பாற்றிவிட்டது.

மேரிலாண்ட் அப்படிக் காப்பாற்றப்போவதில்லை. 6,000 இருக்கைகளை வைத்துக்கொண்டு பெரிய குழுவுக்குக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகாது, படம்தான் கட்டுப்படியாகும். அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு கதவு திறக்கும் நாளில் முதலில் ஓடுவது ஒரு திரைப்படமாகத்தான் இருக்கும். ஜாம் பேண்ட் பிறகு ஒருநாள் வரும், எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று எழுதிய தாளோடு.