மேடைப் பேச்சும் மடிப்பணமும்

அண்மைக் காலத்தில் நம் கைத்தறி நகரங்களிலும் விவசாயக் கிராமங்களைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு புதுவகைச் சொற்பொழிவு பெருகி வருகின்றது. கல்யாண மண்டபத்தையோ ஓட்டல் கூடத்தையோ வாடகைக்கு எடுத்து, மனை முதலீடு, தொழில்நுட்பம், நிதி நிர்வாகம் ஆகிய துறைகளில் நிபுணர் என்று அறிவிக்கப்பட்டவர்கள் பேசுகின்றார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, சிற்றுண்டியும் உண்டு. கூட்டம் கலையும் இடத்தில் மட்டும் ஒரு மேசையும், அதன்மீது விண்ணப்பப் படிவங்களும் காத்திருக்கும். இத்தகைய நிபுணர்களை நம் சங்கக் கூட்டங்களுக்கும் அழைத்தால் என்ன என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அழைக்கலாம், ஆனால் மேடை நம்முடையதாகவும் நிபந்தனை நம்முடையதாகவும் இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அறிவு புகட்டுவது கூட்டுறவுக்குப் புதிய பணியன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சங்கம், பிற்காலத்தில் லாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கென்றே ஒதுக்கி நூலகமும் வாசகசாலையும் நடத்தியது. கணக்கு அறியாத அங்கத்தினன் தன் சங்கத்தையும் காக்க மாட்டான், தன் வீட்டையும் காக்க மாட்டான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே நிலத்தைப் பற்றியும் நிதியைப் பற்றியும் கேட்டறிய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையே ஆராய்கின்றோம்.

நூல் வாங்கும் நெசவாளர் கடைக்காரரின் பேச்சைக் கேட்டு நூல் வாங்குவதில்லை. இழையைப் பிரித்து, முறுக்கைப் பார்த்து, சொன்ன நம்பர் சரிதானா என்று விரலால் அறிகின்றார். விதை வாங்கும் விவசாயி மூட்டையில் சான்று விதைக்குரிய நீல அட்டை உண்டா என்று பார்க்கின்றார். நாலு முழ நூலுக்கும் நாலு படி விதைக்கும் செய்கின்ற இந்தச் சோதனையை, ஆயுட்காலச் சேமிப்பை ஒப்படைக்கும்போது கைவிடலாமா? பேச்சாளரைச் சோதிக்கும் முதற்கேள்வி ஒன்றே: இவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? கேட்பவர் கொடுத்தால் அது ஆலோசனை. விற்பவர் கொடுத்தால் அது விற்பனை. விற்பனை குற்றமன்று. விற்பனைக்கு ஆலோசனை என்று பெயர் சூட்டுவதே குற்றம்.

முதலில் மனையை எடுத்துக் கொள்வோம். ரெரா என்று சுருக்கி வழங்கும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்கும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதையே அச்சட்டம் தடுக்கின்றது. அத்தகைய திட்டங்களில் மனை விற்றுக் கொடுக்கும் முகவரும் பதிவு பெற வேண்டும். வாங்குவோரிடம் திரட்டிய பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இவ்வளவு பாதுகாப்பைச் சட்டம் தந்திருக்க, "இன்று மாலைக்குள் பணம் கட்டினால் சலுகை" என்ற ஒரு வாக்கியம் அத்தனையையும் மறக்கச் செய்துவிடுகின்றது. பதிவு எண்ணைக் கேளுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் நீங்களே பாருங்கள். மனையின் நான்கு எல்லைகளையும் காலால் நடந்து அளந்து பாருங்கள்.

நிலத்தின் பெயரால் நிகழ்ந்த பெரு நஷ்டத்திற்கு பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் வரலாறு ஒன்றே போதும். விவசாய நிலம் தருவதாகக் கூறி, சுமார் 5.85 கோடிக் கணக்குகளின் வாயிலாக ரூ. 49,100 கோடி அந்நிறுவனம் திரட்டியதாக, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கண்டறிந்து, பணத்தைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. நிலத்தை விற்றுப் பணத்தைத் திருப்பித் தருவதற்கென உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்கச் செய்தது. சிறுகச் சிறுகக் கட்டிய எளியோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நிலம் என்ற சொல்லின்மீது நம் மக்களுக்குள்ள பக்தியே அங்கு மூலதனமாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்ததை மறந்தோமா? முன்பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் மாதப் பராமரிப்புத் தொகையும் வரும் என்றார்கள். பறவையின் இறைச்சியையும் எண்ணெயையும் வாங்குவோர் எங்கே என்று கேட்டவர் சிலரே. விற்பனையிலிருந்து வராத பணம், புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணத்திலிருந்து வந்தது. புதியவர் வரவு நின்றதும் தொகையும் நின்றது. தீவனமின்றித் தவித்த பறவைகளுக்கு அரசு தீவனம் அளிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஏமாந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். மஞ்சளின் விலையையும் பருத்தியின் தரத்தையும் நுணுக்கமாக அறிந்தவர்கள். தம் தொழிலில் கேட்கும் கேள்வியைப் பிறர் தொழிலில் கேட்கத் தயங்கினார்கள், அவ்வளவே.

நிதித் துறைப் பேச்சுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டாகும் என்பது ஏறத்தாழத் தெரியும். 7 விழுக்காட்டு வட்டியில் பத்து ஆண்டுக்குச் சற்று மேலாகும். இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகும் என்று ஒருவர் சொன்னால், ஆண்டுக்கு 36 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி தருவதாகச் சொல்லுகின்றார் என்று பொருள். எந்தத் தறியும் எந்த வயலும் ஆண்டுதோறும் தவறாமல் அவ்வளவு தருமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மேலும், கட்டணம் பெற்றுப் பங்கு முதலீட்டு ஆலோசனை கூறுவோர் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கல்வி கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டே பங்குகளைச் சிபாரிசு செய்யும் வழக்கம் பெருகியதால், கற்பிப்போர் முந்தைய மூன்று மாத விலை விவரங்களைக் கொண்டு பேசலாகாது என்று 2025 ஜனவரியில் அவ்வாரியம் அறிவுறுத்தியது. பாடத்துக்கும் சிபாரிசுக்கும் வேற்றுமை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

தொழில்நுட்பத்தைப் பகைக்க வேண்டியதில்லை. வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் வீட்டிலிருந்தபடியே பார்க்க உதவுவதும் அதுவே. ஆனால் பிரபலமானவர்களின் முகத்தையும் குரலையும் போலியாக அமைத்து முதலீட்டுக்கு அழைப்பதும் இன்று நடக்கின்றது. கைப்பேசிச் செயலியில் லாபம் என்று ஓர் எண்ணைக் காட்டுவது எளிது. அது பணமாகக் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி. முதலில் சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்து நம்பிக்கையூட்டிப் பின் பெருந்தொகையை விழுங்குவது இவர்கள் முறை. ஏமாந்ததாக ஐயம் எழுந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். நாழிகை செல்லச் செல்லப் பணத்தை மீட்பது அரிதாகும்.

பிறரைக் கேட்கச் சொல்லும் நாம் நம்மைக் கேட்பதையும் வரவேற்க வேண்டும். வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளும் அதில் அடங்கும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களோ அதில் அடங்கமாட்டா. ஆகையால் நம் சங்கத்தில் பணம் வைத்திருக்கும் அங்கத்தினர், தணிக்கை அறிக்கையைப் படித்துப் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்பதே அவருக்குள்ள பாதுகாப்பு. அக்கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கும் நிர்வாகம் கூட்டுறவு என்ற பெயருக்குத் தகுதியுடையதன்று.

எனவே நிபுணர்களை அழைக்க விரும்பும் சங்கங்கள் நான்கு நிபந்தனைகளைத் தீர்மானமாகவே நிறைவேற்றிக் கொள்ள வேண்டுமென யோசனை கூறுகின்றோம். பேச்சாளர் தம் பதிவு எண்ணையும், எந்த நிறுவனத்திடமிருந்து கமிஷனோ ஊதியமோ பெறுகிறார் என்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே கூற வேண்டும். கூட்டம் நடக்கும் இடத்தில் படிவமும் பணமும் கைமாறக் கூடாது. பேசிய நேரத்திற்குக் குறையாத நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பேச்சைக் கேட்ட எவரும் ஏழு நாள் கழியுமுன் கையெழுத்திடலாகாது. அதற்குள் வீட்டிலுள்ள பெண்மக்களையும் கலந்து பேச வேண்டும். மேடைக்கு வெளியூர் நிபுணரே வேண்டுமென்பதும் இல்லை. ஓய்வு பெற்ற சார்பதிவாளர், கிராம நிர்வாக அலுவலராயிருந்தவர், கூட்டுறவுத் தணிக்கையாளர், வங்கி மேலாளர் முதலியோர் நம்மிடையே இருக்கின்றார்கள். விற்பதற்கு ஒன்றுமில்லாத அவர்கள் சொல் நமக்குப் பெரிதும் பயன்படும்.

உண்மையான நிபுணர் இந்நிபந்தனைகளைக் கேட்டு வருந்தமாட்டார், மகிழ்வார். வருந்துகிறவர் வராமலிருப்பதே நமக்கு லாபம். தறிக்குழியில் கால் ஓயவும் வயலில் முதுகு வளையவும் சேர்த்த பணம் அது. அடுத்த மாதக் கூட்டத்திலேயே இந்நான்கு நிபந்தனைகளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும், சேர்க்கும்படி வற்புறுத்துமாறு ஒவ்வோர் அங்கத்தினரையும் கேட்டுக்கொள்கின்றோம்.