கடலைக் கடந்த பின்



மரணத்தையும் அதற்கு அப்பாலுள்ள வாழ்வையும் ஓர் அரங்கினுள் அமைத்து, காண வருவோரையே அதனுள் நடமாட விடும் கலைக்காட்சிகள் இந்நாளில் உலகெங்கும் இடம்பெறுகின்றன. "அவை மறுமையை நினைவூட்டுகின்றனவே, நல்லதுதானே?" என்று கோபாலபுரத்து இல்லமொன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் வினவினார். சிந்திக்கத் தக்க வினாவே.

2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறி கலைவிழாவில், ஆஸ்பின்வால் மாளிகையின் கூடமொன்றில் கடல்நீரை நிரப்பி, 'துயரக் கடல்' எனும் படைப்பைச் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா அமைத்திருந்தார். காண வந்தோர் அந்நீரில் இறங்கி நடந்தனர். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடலோரம் மாண்டு ஒதுங்கிய சிரியாவின் அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தைக் கண்டு உலகமே கலங்கியது. உடன் மூழ்கிய அவன் அண்ணன் காலிபை அறிந்தோர் சிலரே. அந்தக் காலிபுக்கே கவிஞர் இதனை அர்ப்பணித்தார்.

உள்ளத்தை உலுக்கும் படைப்புதான். ஆயினும், இறங்கியவர்கள் கரையேறிக் கால்களைத் துடைத்துக்கொண்டு இல்லம் திரும்பினர். காலிபுக்குக் கரை கிட்டவில்லை. நாம் நுழையவிருக்கும் மண்ணறைக்கும் வெளியேறும் வாயில் இல்லை.

கலையை நாம் பழிக்கவில்லை. சுவனத்தின் இன்பங்கள் மனித உள்ளத்தின் கற்பனைக்கு எட்டாதவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, மறுமையை விளக்கொளியாலும் ஒலிபெருக்கியாலும் காட்டிவிட இயலுமா? தொடக்கத்தில் தடுத்திருந்த கப்ரு ஜியாரத்தை, மறுமையை நினைவூட்டும் என்பதால் அன்றோ அண்ணலார் பின்னர் அனுமதித்தார்கள்!

கோபாலபுரத்திலிருந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வெகு தொலைவில் இல்லை. 1972-இல் மறைந்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் அவ்வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அங்கே சென்று ஸலாம் உரைத்து, துஆ செய்து நிற்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். நாளை மண்ணுக்குள் செல்ல இருப்பவர். அந்த உணர்வு அரங்கில் வாய்க்குமா?

கண்ணீர் மட்டும் போதாது, சகோதரர்களே! ஓர் உயிரைக் காப்பதை மனித குலத்தையே காப்பதற்கு ஒப்பாக வைக்கிறது திருமறை. நம் தமிழகத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரும் கடல் கடந்து அடைக்கலம் தேடி வந்தவர்களே. அவர்களுள் ஒரு பிள்ளையின் படிப்புக்கு நாம் உதவியதுண்டா? கொச்சியில் நனைந்த கால்கள் அன்றே உலர்ந்திருக்கும். நாளை இறைவன் சந்நிதியில் கேட்கப்படுவது, நம் கைகள் என்ன செய்தன என்பதே.

மரண நினைவை நற்செயலாக்கும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.